நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை

எங்கள் வீட்டில் அடை வைப்பது அப்பத்தாவின் வேலை. வேறு யாரும் அந்த முட்டைகளைத் தொடக்கூடாது. தவிட்டுப் பானைக்குள் சேர்த்து வைத்திருக்கும் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாயங்கால வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கும். காதோரம் வைத்து லேசாக ஆட்டும். உள்ளே தளும்புகிற சத்தம் கேட்டால் அந்த முட்டை ஒதுங்கிவிடும். மிச்சத்தை இரண்டு கூறாகப் பிரிக்கும். முனை கூராக நீண்டிருப்பவை ஒரு பக்கம், உருண்டையாக இருப்பவை இன்னொரு பக்கம். "நீள முட்டை சேவலு, உருண்டை முட்டை பெட்டைய்யா" என்று சொல்லிக்கொண்டே உருண்டைகளில் பதினொன்றைப் பொறுக்கி, மணல் பரப்பிய சட்டியில் அடுக்கி, ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டும் இரண்டு வரமிளகாயும் போட்டு, அடைக்கோழியைத் தூக்கி மேலே உட்கார வைக்கும். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க இரும்பு. மிளகாய் எதற்கு என்று கேட்டேன். "எங்காத்தா போட்டா, நானும் போடுறேன்" என்றது.

21 நாளில் பொரிக்கும். குஞ்சுகள் வளர்ந்து கொண்டை சிவக்கும்போது எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதி சேவலாகத்தான் இருக்கும். அப்பத்தா அதற்கெல்லாம் அசராது. அடுத்த அடைக்கும் அதே மாதிரிதான் பொறுக்கும்.

முட்டையின் வடிவத்துக்கும் உள்ளே இருக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதற்கும் சம்பந்தம் கிடையாது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த நம்பிக்கை எவ்வளவு பழையது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், நீண்ட கூர் முட்டை பெட்டை என்றும் உருண்டை சேவல் என்றும் எழுதினார். ரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் விவசாயத்தைப் பற்றி எழுதிய கொலுமெல்லா, நீள முட்டைதான் சேவல் என்று எங்கள் அப்பத்தா பக்கம் நின்றார். இரண்டாயிரம் வருஷமாகக் கோழி வளர்க்கிறவர்கள் எல்லோரும் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் அப்பத்தா செய்தது முழுக்கச் சரி. விடையை அது முட்டையில் தேடியது; சேவலிடம் தேடவில்லை. பறவைகளில் பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்பது தாயின் பக்கத்தில்தான் முடிவாகிறது. இதைப் பற்றிப் பல வருஷமாகக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க, ஒரு முட்டையை உடைத்துத் தோசைக்கல்லில் ஊற்றும்போதுகூட ஒரு நொடி கை நிற்கிறது.

மனிதரில் கதை நமக்குத் தெரியும். தாய் தருவது எப்போதும் எக்ஸ் குரோமோசோம். தகப்பனின் விந்தணு எக்ஸைக் கொண்டு வந்தால் மகள், ஒய்யைக் கொண்டு வந்தால் மகன். பறவைகளில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டுமே இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. சேவலின் விந்தணு எல்லாமே இசட்தான் என்பதால் அங்கே மாறுவதற்கு ஒன்றுமில்லை. தாய் முட்டையில் வைப்பது இசட் என்றால் சேவல், டபிள்யூ என்றால் பெட்டை.

எங்கள் தெருவில் மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும், பிரசவத்துக்குப் போன மருமகளை மாதக்கணக்கில் தாய்வீட்டிலேயே விட்டுவைத்த குடும்பம் ஒன்று உண்டு. அவள் அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன். கோழியிடம் கேட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கக்கூடிய கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் கோழியையும் மனிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

சரி, தாயின் பக்கத்தில் முடிவாகிறது என்றால், தாய் 'முடிவு செய்கிறாள்' என்று சொல்லலாமா? பெரும்பாலான பறவைகளில் அது காசு சுண்டுவது மாதிரிதான், பாதிக்குப் பாதி. ஆனால் சில பறவைகளில் காசு ஒரு பக்கமாகவே விழுகிறது. அதுவும் காரணத்தோடு விழுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சீஷெல்ஸ் தீவுக் கதிர்க்குருவியின் கதை. இந்தியப் பெருங்கடலில் கசின் என்று ஒரு குட்டித் தீவு. முப்பது ஹெக்டேர்கூட இல்லை. எங்கள் ஊர்க் கண்மாய் அளவுதான் இருக்கும். ஒரு காலத்தில் தீவு முழுக்கத் தென்னந்தோப்பு. 1960களில் உலகத்தில் இந்தக் குருவி மிச்சமிருந்தது அங்கே மட்டும்தான், அதுவும் முப்பதுக்கும் குறைவாக. 1968இல் பறவைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு தீவையே விலைக்கு வாங்கி, தென்னையைக் குறைத்து, பழைய காட்டு மரங்களை வளரவிட்டது. அவற்றில் முக்கியமானது பைசோனியா. வாதத்துக்கு நல்லது என்று நம் வீடுகளின் முன்னால் இளமஞ்சள் இலையோடு நிற்குமே லெச்சகொட்டைக் கீரை மரம், அதன் இனம்தான். கதிர்க்குருவி அந்த மாதிரி மரங்களின் இலைக்கு அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பொறுக்கித் தின்று பிழைக்கிறது.

யான் கொம்டர் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 1980களில் அங்கே போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு குருவி ஜோடிக்கும் தீவில் சொந்தமாக ஓர் எல்லை உண்டு. வருஷக்கணக்கில் அதே எல்லையில்தான் வாழும். கொம்டரும் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு எல்லையிலும் இலைகளைத் திருப்பிப் பூச்சிகளை எண்ணினார்கள். எந்த எல்லை செழிப்பானது, எது வறண்டது என்று கணக்கு வைத்தார்கள். எல்லாக் குருவிகளுக்கும் காலில் வளையம் மாட்டி, யார் யாருடைய பிள்ளை, யார் எங்கே போனது என்று விடாமல் பார்த்தார்கள்.

இந்தக் குருவி பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். மகன்கள் வளர்ந்ததும் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். மகள்களில் பலர் வீட்டிலேயே தங்கி, அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுவார்கள், அடைகாக்கவும் உதவுவார்கள். பூச்சி நிறைய இருக்கும் எல்லையில் இப்படி ஒரு மகள் கூட இருப்பது பெரிய பலம். பூச்சி குறைந்த எல்லையில் அதே மகள் இன்னொரு வயிறு. இருக்கிற கொஞ்சத்தையும் பங்கு போடுவாள்.

1997இல் கொம்டர் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட கணக்கு இது. வறண்ட எல்லைகளில் பிறந்த குஞ்சுகளில் 77 சதவீதம் மகன்கள். செழிப்பான எல்லைகளில் மகன்கள் 13 சதவீதம் மட்டுமே. ஒரே ஒரு முட்டை, அதில் இவ்வளவு பெரிய சாய்வு.

இதைச் சும்மா ஒத்துப்போகிற எண்கள் என்று விட்டுவிட முடியாதபடி இன்னொன்றும் செய்தார்கள். இனத்தைப் பரப்புவதற்காக 1988இலும் 1990இலும் குருவிகளைப் பக்கத்துத் தீவுகளான அரீட், கசீன் ஆகியவற்றுக்கு மாற்றினார்கள். கசினில் வறண்ட எல்லையில் மகன்களாகவே பெற்றுக்கொண்டிருந்த ஜோடிகள், புது இடத்தில் செழிப்பான எல்லை கிடைத்ததும் மகள்களைப் பெற ஆரம்பித்தன. அதே தாய், அதே தகப்பன். மாறியது இலைக்கு அடியில் இருந்த பூச்சிக் கணக்கு மட்டும்.

இன்னும் நுணுக்கம் இருக்கிறது. செழிப்பான எல்லையாக இருந்தாலும், ஏற்கெனவே இரண்டு உதவிக்காரர்கள் வீட்டில் இருந்தால் தாய் மகனைப் பெறுகிறாள். மூன்றாவது ஆள் வந்தால் அந்த எல்லையும் தாங்காது. ஆய்வாளர்கள் அந்த இரண்டு பேரில் ஒருவரைப் பிடித்து அப்புறப்படுத்தியபோது, தாய் மறுபடியும் மகளைப் பெற்றாள். பதினைந்து கிராம் எடையுள்ள ஒரு குருவி வீட்டில் எத்தனை பேர், உலை எவ்வளவு என்று பார்த்து நடந்துகொள்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

'பார்த்து நடந்துகொள்கிறது' என்று எழுதிவிட்டேன். அது யோசித்து எடுக்கும் முடிவு என்று நான் நினைக்கவில்லை. யோசித்தா நமக்குப் பசிக்கிறது? உடம்பு தன் நிலைமையை அறிந்து தானாக ஒரு பக்கம் சாய்கிறது. அப்படிச் சாய்ந்த தாய்களின் பேரப்பிள்ளைகள் அதிகம் பிழைத்தார்கள், அந்தச் சாய்வு நிலைத்துவிட்டது.

இந்தச் சாய்வு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு நிஜக் கதை இருக்கிறது. காகாபோ என்று ஒரு கிளி. பறக்காது. இரவில் நடமாடும். பாசி நிறத்தில் ஒரு வளர்ந்த சேவலைவிடப் பெரிதாக இருக்கும். மனிதரும், அவர்களோடு வந்த பூனை, எலி, மரநாய் இனங்களும் சேர்ந்து அதை அழித்து, 1995இல் மொத்தமே 51 பறவைகள் என்ற நிலைக்குக் கொண்டு வந்துவிட்டோம். மிச்சத்தை எதிரி விலங்குகள் இல்லாத தீவுகளுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். ரிமு என்ற மரம் சில வருஷங்களுக்கு ஒருமுறைதான் நிறையக் காய்க்கும்; அப்போதுதான் காகாபோ முட்டையிடும். தாய்கள் தெம்பாக இருந்தால் கூடுதலாக முட்டையிடுமே என்று அக்கறையோடு தீனி வைத்தார்கள். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

தீனி தின்ற தாய்கள் கொழுத்தன. முட்டையும் இட்டன. பொரித்ததில் பெரும்பாலும் ஆண் குஞ்சுகள். அழிவின் விளிம்பில் நிற்கிற இனத்துக்குத் தேவை முட்டையிடும் பெண்கள். வந்ததோ மகனுக்கு மேல் மகன்.

ஏன் இப்படி என்பதற்கான காரணத்தை 1973இலேயே ராபர்ட் டிரிவர்ஸ், டான் வில்லார்ட் என்ற இருவர் பாலூட்டிகளை வைத்து எழுதியிருந்தார்கள். காகாபோ ஆண்கள் குழி தோண்டி உட்கார்ந்து, நெஞ்சை உப்பி இரவெல்லாம் 'பூம் பூம்' என்று குரல் கொடுப்பார்கள். பெண் வந்து தேர்ந்தெடுக்கும். பெரிய, கொழுத்த, சத்தமான சில ஆண்களுக்கே பெரும்பாலான பிள்ளைகள். மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை. பெண் எப்படி இருந்தாலும் அநேகமாகப் பிள்ளை பெறும். ஆகவே நல்ல நிலையில் இருக்கிற தாய்க்கு மகன் ஒரு பெரிய வாய்ப்பு. நலிந்த தாய்க்கு மகளே பத்திரம்.

மிக் கிளவுட்டும் அவரோடு இருந்தவர்களும் இந்தச் சாய்வைக் கண்டுபிடித்துச் சொன்னபிறகு, தீனி வைக்கும் முறையையே மாற்றினார்கள். ஒவ்வொரு பெண் பறவையையும் எடை போட்டு, முட்டையிடத் தேவையான அளவு தெம்பு, ஆனால் கொழுப்பு ஏறாத அளவு என்று பார்த்துப் பார்த்துத் தீனி அளந்தார்கள். 2002இல் ரிமு நிறையக் காய்த்தது. 24 குஞ்சுகள் பிழைத்தன. அந்த ஒரே பருவத்தில் மொத்தம் 62 என்பது 86 ஆனது. ஆண் பக்கச் சாய்வும் மறைந்தது. 2022இல் எண்ணிக்கை 252. ஒரு தாயின் உடம்பு என்ன சொல்கிறது என்று கவனித்ததற்கும் இதில் பங்கு உண்டு. கொட்டிக் கொடுப்பதுதான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், அளந்து கொடுத்து ஓர் இனத்துக்கு உதவினார்கள்.

ஆண், பெண் விஷயம் இதுவரை. ஆனால் முட்டைக்குள் தாய் வைப்பது குரோமோசோம் மட்டுமா?

அடுத்த தடவை ஒரு நாட்டுக்கோழி முட்டையை உடைக்கும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த மஞ்சள் கரு ஒரே நாளில் வந்ததல்ல. கோழியின் வயிற்றில் சின்னதும் பெரிதுமாக மஞ்சள் கருக்கள் திராட்சைக் கொத்துப் போல வரிசையில் நிற்கும். முட்டைக்கோழியை அறுத்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒரு கரு முழு அளவுக்கு வர ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் தாயின் இரத்தத்தில் ஓடுவதெல்லாம் கருவில் படிகிறது. கொழுப்பு, புரதம், கீரையிலும் சோளத்திலும் இருந்து வந்த மஞ்சள் நிறப்பொருள், தாய் முன்பு கண்ட நோய்களுக்கான எதிர்ப்புப் புரதங்கள், கூடவே ஹார்மோன்கள். எதிர்ப்புப் புரதம் மஞ்சள் கரு வழியாகப் போகிறது என்பதை ஜெர்மனியில் கிளெம்பரர் என்பவர் 1893இலேயே காட்டிவிட்டார். தாய்ப்பால் இல்லாத குறையை மஞ்சள் கரு தீர்க்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்தான்: பாலைத் தினமும் கூட்டலாம் குறைக்கலாம், முட்டையில் ஓடு மூடியபிறகு எதையும் சேர்க்க முடியாது.

அதனால்தான் ஒவ்வொரு முட்டையிலும் எவ்வளவு வைப்பது என்பது இவ்வளவு பெரிய விஷயமாகிறது. ஹியூபர்ட் ஷ்வாபிள் என்பவர் கேனரிக் குருவிகளின் மஞ்சள் கருவில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அளந்தார். 1993இல் வந்த ஆய்வு. முதல் முட்டையில் குறைவு. அடுத்தடுத்த முட்டைகளில் கூடிக்கொண்டே போகிறது. கடைசி முட்டைக் குஞ்சு கடைசியாகப் பொரிக்கும், மூத்ததுகளைவிடச் சின்னதாக இருக்கும், வாய் திறந்து இரை கேட்பதில் பின்தங்கும். அந்தக் கடைக்குட்டிக்குத் தாய் முட்டையிலேயே கொஞ்சம் கூடுதல் முறுக்கு வைத்து அனுப்புகிறாள்.

அழகான கதை. எல்லாத் தாயும் கடைக்குட்டியைத்தான் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அடுத்து நான் சொல்லப்போவது உண்ணிக்கொக்கின் கதை.

மாட்டு முதுகிலும் உழவு டிராக்டர் பின்னாலும் திரியுமே, அதே வெள்ளைக் கொக்கு. எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். பள்ளி விடுமுறையில் கரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டில் மூன்று குஞ்சுகள். ஒவ்வொன்றும் முன்னும் பின்னுமாகப் பொரித்தவை என்பது உயரத்திலேயே தெரியும். தாய் வந்து இறங்கியதும் மூன்றும் கழுத்தை நீட்டும். தாய் வாயைத் திறப்பதற்குள் மூத்தது திரும்பிக் கடைசிக் குஞ்சின் தலையில் கொத்தும். ஒரு கொத்து, இரண்டு கொத்து. கடைசிக் குஞ்சு தலையைக் கூட்டின் சுள்ளிக்குள் புதைத்துக்கொள்ளும். இரை முழுக்க மற்ற இரண்டுக்கும் போகும். தாய் பக்கத்திலேயே நிற்கும், ஒன்றும் செய்யாது. ஒரு நாள் அந்தக் கடைக்குட்டி கீழே தண்ணீரில் கிடந்தது. அந்தத் தாய்மேல் எனக்கு வந்த கோபம் பல வருஷம் போகவில்லை.

1997இல் ஷ்வாபிள், டக்ளஸ் மாக், கீக் மூவரும் உண்ணிக்கொக்கு முட்டைகளை எடுத்துப் பார்த்தார்கள். கேனரிக்கு நேர்மாறு. முதலில் இட்ட முட்டைகளில் ஆண் ஹார்மோன் அதிகம், கடைசி முட்டையில் குறைவு. மூத்தது முன்னால் பொரிப்பதால் ஏற்கெனவே பெரிது. அதன் கையில் கம்பையும் கொடுத்து அனுப்புகிறாள் தாய். கண்மாயில் மீனும் வயலில் வெட்டுக்கிளியும் நிறைந்த வருஷத்தில் மூன்றும் பிழைக்கும். இல்லாத வருஷத்தில் மூன்றும் சேர்ந்து பட்டினி கிடந்து சாகாமல், ஒன்று சீக்கிரம் போய் இரண்டு பிழைக்கும். கடைசி முட்டை ஒரு நம்பிக்கை மட்டுமே. கூட்டருகே அந்தத் தாய் ஏன் சும்மா நின்றது என்பதற்குப் பதில், கூடு கட்டிய வாரத்திலேயே மஞ்சள் கருவுக்குள் இருந்திருக்கிறது. இதைப் படித்தபிறகு அந்தப் பழைய கோபம் இறங்கியது. வருத்தம் இன்னும் இருக்கிறது.

தாய் பார்ப்பது உணவை மட்டுமல்ல, துணையையும்தான். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் ஜீப்ரா ஃபிஞ்ச் குருவிகளை வைத்து நான்சி பர்லி என்பவர் ஓர் ஆய்வு செய்தார். அடையாளத்துக்காக ஆண்களின் காலில் மாட்டிய நிற வளையங்களில், சிவப்பு வளையம் மாட்டிய ஆணைப் பெண் குருவிகளுக்குப் பிடித்துப்போகிறது, பச்சை பிடிக்கவில்லை என்று கண்டார். 1999இல் டியேகோ கில் குழு அந்த வளையங்களையே பயன்படுத்திப் பார்த்தது. சிவப்பு வளையக்காரனோடு சேர்ந்த அதே பெண், பச்சைக்காரனோடு சேர்ந்தபோது வைத்ததைவிட அதிக டெஸ்டோஸ்டிரோனை முட்டையில் வைத்தது. இங்கிலாந்தில் மரியன் பெட்ரி மயில்களைக் கவனித்து, நல்ல தோகையுள்ள ஆணோடு சேர்ந்த பெண்மயில் கூடுதலாக முட்டையிடுகிறது என்று 1993இல் எழுதினார்.

ஆஸ்திரேலியாவின் நீலத் தேவதைக் குருவி வேறு ரகம். கூடவே இருந்து இரையூட்ட உதவிக்காரர்கள் இருந்தால் அதன் தாய் சின்ன முட்டையாக, சத்துக் குறைவாக இடுகிறது என்று 2007இல் ரஸல் குழு காட்டியது. குறையை உதவிக்காரர்கள் நிரப்பிவிடுவார்கள். மிச்சம் பிடித்த தெம்பில் தாய் அடுத்த வருஷமும் உயிரோடு இருப்பாள். கூட்டுக்குடும்பத்தில் மருமகளின் கைவேலையை நாலு பேர் பகிர்ந்துகொண்டால் அவள் உடம்பு தேறுமே, அதுபோல என்று எனக்குத் தோன்றியது.

ஓடு மூடியபிறகும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது: குரல். ஜீப்ரா ஃபிஞ்ச் ஜோடிகள், பொரிக்கப்போகும் கடைசி நாட்களில் வெயில் 26 டிகிரிக்கு மேல் போனால் முட்டையைப் பார்த்து ஒரு தனி ஒலி எழுப்புகின்றன. மரியெட், புக்கானன் இருவரும் 2016இல் சயின்ஸ் இதழில் எழுதியது இது. அந்த ஒலியை முட்டைக்குள் கேட்ட குஞ்சுகள், வெப்பமான கூட்டில் வளரும்போது சிறிய உடம்போடு வளர்ந்தன. பெரியவையானதும் அதிகப் பிள்ளைகள் பெற்றன. வெளியே எவ்வளவு சூடு என்று பிறப்பதற்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாப் பறவையும் நினைத்தபடி ஆண் பெண் பெறும் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். 2004இல் யூவன், காஸி, முல்லர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, பறவைகளில் பொதுவாக இப்படி ஒரு சாய்வு இருப்பதற்கு ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். நீலச் சிட்டின் உச்சிச் சிறகு நிறத்தை மாற்றிச் செய்த பேர்பெற்ற ஆய்வைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே விடை தெளிவாகக் கிடைக்கவில்லை. சின்னச் சின்னக் கணக்குகளில் தற்செயலாக வரும் சாய்வை அதிசயம் என்று எழுதிவிடுவது சுலபம். கதிர்க்குருவியை நான் நம்புவதற்குக் காரணம், அவர்கள் எல்லையை மாற்றிப் பார்த்தார்கள், உதவிக்காரரை எடுத்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு முறையும் தாய் அதற்கேற்ப மாறியது.

உடம்புக்குள் இது எப்படி நடக்கிறது என்பதுதான் பெரிய புதிர். மஞ்சள் கரு முழுதாக நிரம்பியபிறகு, அது கொத்திலிருந்து கழன்று விழுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் இசட்டா டபிள்யூவா என்பது முடிவாகிறது. ஒன்று கருவில் தங்கும், மற்றது ஓரமாக ஒதுக்கப்படும். அதாவது முதலில் மூட்டை கட்டி முடித்துவிடுகிறாள், யாருக்கு என்பது கடைசி நேரத்தில். அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டன் நவாரா குழு, கோழிகளுக்கு, கரு கழன்று விழுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பு, கார்ட்டிகோஸ்டிரோன் என்ற, உடம்பு நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோனை ஊசியில் ஏற்றியது. பிறந்ததில் 83 சதவீதம் சேவல். ஆனால் காடைகளுக்கு அதே ஹார்மோனை நீண்ட நாள் கொடுத்து வந்தபோது பெட்டைகள் கூடின. அளவும் நேரமும் மாறினால் விடையும் மாறுகிறது. திறவுகோலின் ஒரு பல் மட்டும் நம் கைக்கு வந்திருக்கிறது.

அந்தத் திறவுகோல் முழுதாகக் கிடைத்தால் முதலில் மாற வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நாம் தினமும் வாங்கும் வெள்ளை முட்டையை இடும் லேயர் கோழி இனத்தில் சேவலுக்கு வேலையில்லை. முட்டை இடாது, கறிக்கோழி மாதிரிச் சீக்கிரம் சதையும் வைக்காது. ஆகவே பொரித்த முதல் நாளே ஆள் வைத்து ஆண், பெண் பிரிக்கிறார்கள். உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 700 கோடி ஆண் குஞ்சுகள் அன்றைக்கே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இதைத் தடை செய்துவிட்டது. முட்டையாக இருக்கும்போதே ஒளியை வைத்தோ ஒரு துளி திரவத்தை எடுத்தோ ஆண், பெண் பார்க்கும் இயந்திரங்கள் அங்கே வந்துவிட்டன. தாய் இடும்போதே பெட்டையாக இடவைக்கும் வழி இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை.

அந்த ஆண் குஞ்சுகளில் ஒரு பங்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளி வாசலிலும் சந்தையிலும் அட்டைப் பெட்டியில் ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் முக்கி விற்பார்கள். என் மகள் ஆறு வயதில் அழுது அடம்பிடித்து இரண்டு வாங்கினாள். ஒன்று மறுநாள் விடிவதற்குள் செத்தது, இன்னொன்று மூன்றாம் நாள். தாய் இல்லை, சூடு இல்லை, சாய ஈரம் வேறு. ஏன் செத்தது என்று அவள் கேட்டபோது நான் அவளுக்குச் சொன்னதெல்லாம் இந்தப் பதிவில் பாதி.

அந்தப் பெட்டியைப் பார்த்தால் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் அன்று இரவே ஒரு பெட்டிக்குள் வைக்கோல் போட்டு, மேலே பல்பு தொங்கவிட்டு, சூடு கொடுங்கள். குஞ்சுகள் பல்புக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் சூடு போதவில்லை. மூலைக்கு விலகி ஓடினால் சூடு அதிகம். சுத்தமான தண்ணீரும் உடைத்த கம்பும் வையுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.